தண்ணீர் படாத நீச்சல்

தமிழில் நீந்துகிறவர்களுக்குக் குறைவே இல்லை. சம்சார சாகரத்தில் நீந்துகிறார்கள், கடனில் நீந்துகிறார்கள், கற்பனையில் நீந்துகிறார்கள். வரவேற்புரை சொல்கிறவர் கொஞ்சம் தாராளமானவராக இருந்தால், தலைவரே அன்பு வெள்ளத்தில் நீந்தி வந்துதான் சால்வையை வாங்கிக்கொள்கிறார். இத்தனை பேர் நீந்தியும் ஒருவருடைய வேட்டி நுனிகூட நனைந்ததில்லை. நிஜத் தண்ணீரில் இறங்கி, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே கையையும் காலையும் உதைக்கிற ஆளைப் பார்த்து, தமிழ்நாட்டுப் பேச்சில் ‘நீந்துகிறான்’ என்று சொல்பவர்கள் குறைவு. ‘நீச்சல் அடிக்கிறான்’ என்பதுதான் பேச்சு. என் கட்சி இதுதான்: நீந்துதல் என்ற சொல்லைத் தமிழ் பெரும்பாலும் தரையில் வைத்தே புழங்கியிருக்கிறது. தண்ணீருக்குள் இருந்தவர்களுக்கு அந்தச் சொல் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ அது இல்லாமல் பொழுது போகவில்லை.

முதல் சாட்சியாகத் திருவள்ளுவரைக் கூப்பிடலாம். தமிழில் எந்த வழக்குக்கும் அவர்தானே முதல் சாட்சி. முதல் அதிகாரம் முடிவதற்குள்ளேயே இந்த வினை இரண்டு குறள்களில் வந்துவிடுகிறது. எட்டாம் குறளில் நீந்தவேண்டியது அறமல்லாத மற்றக் கடல்கள். அவை பொருளும் இன்பமும் என்று பரிமேலழகர் விளக்குகிறார். பத்தாம் குறளில் நீந்தவேண்டியது பிறவிக் கடல். அதற்குப் பிறகு காமத்துப்பாலில், படர்மெலிந்திரங்கல் அதிகாரத்தில் மறுபடி இரண்டு முறை. 1167-ல் தலைவி காமம் என்னும் வெள்ளத்தில் நீந்திக் கரை காணாமல் நள்ளிரவில் தனியாகக் கிடக்கிறாள். 1170-ல் அவளுடைய கண்கள் கண்ணீரில் நீந்துகின்றன. ஆகப் பிறவி, பொருள், ஆசை, அழுகை என்று எல்லாவற்றிலும் நீந்தியாயிற்று. வள்ளுவருக்கு நிஜத் தண்ணீர் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். 495-ல் ஆழமான தண்ணீரில் ஒரு முதலையையே விட்டிருக்கிறார். ஆனால் அந்த முதலை நீந்தவில்லை, வெல்கிறது. அடுத்த குறளில் கப்பல் வருகிறது. அது ஓடுகிறது. தண்ணீரில் இருப்பவை வெல்கின்றன, ஓடுகின்றன. மெத்தையில் படுத்திருப்பவள்தான் நீந்துகிறாள். இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேறு வேண்டியதில்லை என்றாலும், வழக்கு நிற்க இன்னும் இரண்டு சாட்சிகள் இருந்தால் நல்லது.

அந்த இரண்டு சாட்சிகளுக்கும் பெயர் இல்லை என்பதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. குறுந்தொகை 387-ஆம் பாட்டைப் பாடியவர் யாரென்று தெரியாமல், பாட்டில் வந்த தொடரையே பெயராக்கிக் கங்குல் வெள்ளத்தார் என்று வைத்துவிட்டார்கள். அவருடைய தலைவிக்குத் தலைவன் பக்கத்தில் இல்லாத மாலைப் பொழுதைத் தாண்டுவதே பெரும்பாடு. உயிரை எல்லையாக வைத்து அதை நீந்திவிட்டாலும் என்ன பயன், அதற்கப்பால் வரும் இரவு கடலைவிடப் பெரியதாயிற்றே என்கிறாள். இன்னொருவர் புறநானூறு 243-ஐப் பாடியவர். இவருக்கும் பாட்டில் வரும் பூண் போட்ட ஊன்றுகோலே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் ஆகிவிட்டார். கிழவர். சின்ன வயதில் நீரை ஒட்டித் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் இருந்தவர்கள் வாய்பிளக்க, தண்ணீர் நாலாபக்கமும் சிதற மடுவில் குதித்து, அடிவரைக்கும் போய் ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்ததைச் சொல்லி ஏங்குகிறார். சங்கத் தமிழின் முதல்தரமான நீச்சல்காரர் இவர்தான் என்பேன். அடி மணலைக் கையில் காட்டியிருக்கிறார், இதற்குமேல் என்ன சான்றிதழ் வேண்டும்? ஆனால் அந்தச் சாகசத்தைச் சொல்லும்போது அவர் நீந்து என்ற சொல்லைத் தொடவே இல்லை. பாய்ந்து, குளித்து என்றுதான் சொல்கிறார். (குளித்தல் என்றால் அப்போது மூழ்குதல். முத்துக் குளித்தலில் அந்தப் பழைய பொருள் இன்னும் மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்ற இடங்களில் அது சோப்புப் போட்டுக்கொண்டுவிட்டது.) இரவில் தவித்தவளுக்கு நீந்து, மடுவில் குதித்தவருக்குக் குளி. சங்கப் பாட்டில் வறண்ட பாலைவழியைக் கடப்பதற்கும் நீந்து வரும். சொட்டுத் தண்ணீர் கிடைக்காத சுரத்தில்கூட நீந்தியிருக்கிறார்கள்.

‘பழைய இலக்கியத்தைச் சொல்லித் தப்பிக்காதே, பேச்சுத் தமிழுக்கு வா’ என்று கேட்கலாம். வருகிறேன். ‘உனக்கு நீச்சல் தெரியுமா?’ என்பதுதான் கேள்வி. இதற்கு ‘தெரியும்’ என்று சொல்பவர் அடுத்து எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நீச்சல் இங்கே ஒரு செயலே அல்ல, ஓர் அறிவு. இந்தி தெரியும், டைப்ரைட்டிங் தெரியும் என்பதைப் போல. ஒருவேளை செய்துதான் ஆகவேண்டும் என்றால், அடிக்கவேண்டும். தமிழில் அடிப்பது என்பது தனி உலகம். போன் அடிக்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், தம் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம். வெயில்கூட நம்மிடமிருந்து கற்றுக்கொண்டு அடிக்கிறது. அந்த வரிசையில் நீச்சலும் போய் நின்றுகொண்டது. தண்ணீரைப் பொறுத்தவரை நாம் அதை நீந்தவில்லை, அடித்திருக்கிறோம். ‘தண்ணி அடி’ என்றால் அது வேறு சமாசாரம் ஆகிவிடுகிறது. அப்படி அடித்தவர் மிதப்பார், நீந்தமாட்டார். சாராய விஷயத்தில்கூட மொழி வினைச்சொல்லைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

தெற்கே உள்ளவர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள்: ‘எங்கள் பக்கம் நீஞ்சத் தெரியுமா என்று கேட்பதுண்டே!’ யாழ்ப்பாணத்தாரும் ‘நீந்தத் தெரியுமோ’ என்பார்கள். மலையாளிக்கு நீந்தல் அன்றாடச் சொல். நியாயமான ஆட்சேபணை, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் வாசல்வரை வந்து நிற்கிற ஊர்களில் சொல்லும் நனைந்துதான் இருக்கிறது. ஆனால் நீஞ்சுக்கு நேர்ந்த கதியைக் கவனியுங்கள். நீந்து, நீஞ்சு இரண்டும் உடன்பிறப்புகள். ஒன்று பள்ளிக்கூடம் போய், பிறவிக் கடலில் உத்தியோகம் பார்த்து, மேடை ஏறியது. மற்றது கோவணத்தோடு கிணற்றிலேயே நின்றுவிட்டது. ‘வாழ்க்கைக் கடலில் நீஞ்சினார்’ என்று ஒருவர் பேசிப் பார்க்கட்டும், அரங்கமே சிரித்துவிடும். ஈரமான சொல்லுக்கு இலக்கியத்தில் இடமில்லை, காய்ந்த சொல்லுக்குத்தான் நாற்காலி. என் கட்சிக்கு இது எதிர்ச்சாட்சியாக வந்து ஆதரவாகப் பேசிவிட்டுப் போகிறது. தரைவாசத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. குப்புற விழுந்த குழந்தை பாயில் கையையும் காலையும் அடித்துக்கொண்டு அரை அடி நகர்ந்தால், ‘பிள்ளை நீந்துது’ என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. ஆக முதல் நீச்சலே கோரைப்பாயில்.

மீனைக் கொண்டுவந்து மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. மீன் நீந்துகிறதே, அதுவும் தரையிலா என்பார்கள். மீன் நீந்துவது உண்மை. அது நீச்சல் அடிப்பதில்லை என்பதும் உண்மை. மீனுக்கு அடிக்கவேண்டிய அவசியம் இல்லாததால் இலக்கணம் அதற்கு நல்ல வினையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் மீனும் நீச்சலும் சேர்ந்து வரும் பழமொழியை எங்கே சொல்கிறோம்? ‘மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டுமா’ என்பதை யாராவது மீன் சந்தையிலோ மீன்வளத் துறையிலோ கேட்டதுண்டா? வித்துவான் மகன் முதல் கச்சேரி செய்யும்போது, நடிகர் மகன் முதல் படத்தில் தலைகாட்டும்போது, கட்சித் தலைவர் மகன் இளைஞரணிக்கு வரும்போது சொல்கிறோம். குஞ்சுக்கு நீச்சல் வரவில்லை என்பது கரையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிகிற நேரத்தில்தான் அந்தப் பழமொழி உரக்கச் சொல்லப்படுகிறது.

கிணற்றடி ஆட்சேபணை இன்னும் பலமானது. கோடை விடுமுறையில் கமலைக் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், தமிழர் நீந்தவில்லை என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள். நானும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்தக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். இடுப்பில் கயிறு கட்டிய ஒரு பொடியன். கொங்குப் பக்கம் என்றால் முதுகில் காய்ந்த சுரைப்புருடை. கயிற்றின் மறுநுனி படியில் குந்தியிருக்கும் சித்தப்பா கையில். அவர் வாயில் பீடி. பையன் முங்கினால் கயிறு ஓர் இழுப்பு இழுபடும். தேறிவிட்டான் என்று தோன்றினால், சொல்லாமல் கொள்ளாமல் தளரும். கயிறு தளர்ந்தது பையனுக்குத் தெரிகிற கணம்தான் பட்டமளிப்பு விழா. இந்த முழுப் பாடத்திலும் நீந்து என்ற சொல் ஒரு தடவைகூட வராது. ‘உதைடா’, ‘கையை வீசு’, ‘வாயை மூடு’ இவ்வளவுதான் பாடநூல். பெயர்களோ கொட்டிக் கிடக்கின்றன. தலையைத் தூக்கிக்கொண்டு முன்னங்கையால் பிறாண்டினால் நாய் நீச்சல், காலை மடக்கி விரித்தால் தவளை நீச்சல், முதுகைப் போட்டால் மல்லாக்க நீச்சல், மூச்சடக்கி அடியில் போனால் உள்நீச்சல். குதித்த இடத்திலேயே நேராக அடிமட்டத்துக்குப் போய்விட்டால் அதற்குக் கடப்பாரை நீச்சல். நீச்சல் தெரியாததற்கும் ஒரு நீச்சல் பெயர் வைத்த மொழி நம்முடையதாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் நாய் முதல் கடப்பாரை வரை அத்தனையும் பெயர்ச்சொல். அவற்றுக்குப் பின்னால் வரும் வினை ஒன்றே ஒன்றுதான்: அடி.

சரி, கடலையே தாண்டியவர்களுக்காவது இந்தச் சொல் உரிய மரியாதை செய்ததா? 1954-ல் இலங்கையின் வடகரையிலிருந்து கோடியக்கரைக்கு நவரத்தினசாமி வந்தார். 1966-ல் மிகிர் சென் பாக் நீரிணையில் இறங்கினார். 1971-ல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் ஒரே மூச்சில் போய்த் திரும்பியும் வந்தார். ஊர் அவரை ஆழிக்குமரன் என்று கொண்டாடியது. 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போதே அவர் உயிர் போயிற்று. பெயரிலேயே அருவியை வைத்திருந்த குற்றாலீசுவரன் சிறுவனாக இருக்கும்போதே பாக் நீரிணையைத் தாண்டிவிட்டார். இவர்களைப் பற்றிச் செய்தித்தாள் எழுதுவது எப்படி? ‘நீந்திக் கடந்தார்’. அதாவது முற்று கடந்தார்; நீந்தி என்பது வெறும் வினையெச்சம். உப்புத் தண்ணீரில் உதடு வெடித்து, இரவு முழுக்க ஜெல்லி மீன் கடி வாங்கி, மணிக்கணக்கில் கை வீசியவருக்கு இலக்கணம் ஓர் எச்சத்தைத்தான் மிச்சம் வைத்திருக்கிறது. மெத்தையில் படுத்துப் பிரிவாற்றாமையில் உழல்பவருக்கு முழு வினைமுற்று. இதில் என்ன நியாயம் என்று கேட்க எந்த விளையாட்டு ஆணையத்துக்கும் தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிசயமாகத் தோன்றுவது எதிர்நீச்சல். அந்தப் பெயரில் தமிழ்நாடு பார்த்ததை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் வந்த கே. பாலசந்தரின் படத்தில் நாகேஷ் மாடிப்படி மாதுவாக, குடித்தனக்காரர்களுக்கெல்லாம் எடுபிடி வேலை செய்துகொண்டு படிக்கிறார். வசிப்பது மாடிப்படிக்குக் கீழே. அந்த வீட்டில் தண்ணீர் என்றால் குழாயில் வருவது. 2013-ல் அதே பெயரில் வந்த படத்தில் சிவகார்த்திகேயன் மாரத்தான் ஓடுகிறார். ஓடுகிறார்! படத்துக்கு எதிரோட்டம் என்று பெயர் வைத்திருந்தால் பொருள் சரியாக இருந்திருக்கும், தியேட்டர்தான் காலியாக இருந்திருக்கும். 2022-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் ஒரு கூட்டுக்குடும்பத்துப் பெண்கள் வீட்டு ஆண்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். எதிர்நீச்சல் முழுவதும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே நடக்கிறது. மூன்றிலும் நீச்சல் இல்லை, எதிர் மட்டும் இருக்கிறது. அதில் தப்பில்லை, உவமை அப்படித்தான் இருக்கும் என்பார்கள். தப்பு எங்கே என்றால், இந்த உவமை தண்ணீரில் இறங்கினால் ஆளைக் கொன்றுவிடும். கடலில் ஒருவரை நீரோட்டம் உள்ளே இழுத்தால், கரையைப் பார்த்து அதற்கு நேர் எதிராக மட்டும் நீந்தாதே என்றுதான் உயிர்காப்பாளர்கள் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். கை ஓய்ந்து போகும். கரைக்குப் பக்கவாட்டில் போய், இழுப்பு விட்ட இடத்தில் திரும்பு என்பது அவர்கள் பாடம். வெள்ளம் ஓடும் ஆற்றைத் தாண்டுகிறவனும் எதிர்க்கரைப் படித்துறைக்கு நேராகப் போகமாட்டான். சாய்வாக விட்டுக்கொடுத்துப் போய், நூறு அடி தள்ளி எவன் தோட்டத்திலாவது ஏறிக்கொள்வான். எதிர்நீச்சலை உண்மையில் போடுவது புதுவெள்ளத்தில் எதிரேறி வருகிற மீன்தான். அந்த மீனுக்காகத்தான் மதகோரத்தில் கூடையோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு பெரிய ஆட்சேபணைக்கு இடம் கொடுத்தாகவேண்டும். உவமை எந்த மொழியில்தான் இல்லை? ஆங்கிலேயனுக்கு மயக்கம் வந்தால் தலை நீந்தும். அவனுடைய உருளைக்கிழங்கு வெண்ணெயில் நீந்தும். (நம் பொங்கல் நெய்யில் மிதக்கும், அதற்குக் கை கால் உதைக்கிற சிரமம் வேண்டாம்.) உண்மைதான். ஆனால் மற்றவர்கள் உவமையை வைத்துக்கொண்டு நிஜத்தையும் கையோடு வைத்துக்கொண்டார்கள். ஒன்றுக்கும் உதவாதவனைப் பழைய கிரேக்கர்கள் ‘எழுத்தும் தெரியாது, நீச்சலும் தெரியாது’ என்பார்களாம். பிளேட்டோ தன் ‘சட்டங்கள்’ நூலில் அதைக் குறித்து வைத்திருக்கிறார். மகனுக்குத் தகப்பன் செய்யவேண்டியவற்றில் நீச்சல் கற்றுத்தருவதையும் ஒரு கருத்தாக யூதர்களின் தால்முத் எழுதி வைத்திருக்கிறது. நம்மிடமோ, ஓடம் கவிழும் நேரத்தில் பண்டிதரைப் பார்த்து ஓடக்காரன் ‘நீச்சல் தெரியுமா சாமி?’ என்று கேட்கிற கதை ஒன்று இருக்கிறது. அதையும் மேடையில் சொல்பவர்கள் பண்டிதர்கள்தான். சொல்லிவிட்டுக் காரில் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

தண்ணீரிலிருந்து கரையேறிய சொல் நீந்து மட்டும் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். அந்தத் தெருவே காலி. துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம். இன்று அது கோப்பு நகரும் இடம். போக்குவரத்துத் துறை, வருவாய்த் துறை, ஏன், தண்ணீருக்கே ஒரு துறை. எந்தப் படியில் இறங்கினாலும் கால் நனையாது. கரைகண்டவர் என்றால் புலவர். அடகுக் கடையில் வட்டி ஏறினால் நகை முழுகிப் போகும். வசதியான குடும்பத்தைச் சொல்லும்போது ‘நிலம் நீச்சு உண்டு’ என்கிறோம். அந்த நீச்சு எத்தனை ஏக்கர் என்று எந்தப் பட்டாவிலும் இருக்காது, சம்பந்தம் பேசும்போது மட்டும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அதை விற்றுத் தின்றவர்களுக்குத் தென்மாவட்டங்களில் மிஞ்சுவது ஒரு செம்பு நீச்சத்தண்ணி: முந்தின நாள் சோறு ஊறிய தண்ணீர், கல் உப்பு, கடித்துக்கொள்ள ரெண்டு சின்ன வெங்காயம். அதில் நாலு பருக்கை மெதுவாகச் சுற்றி வரும். நிலநீச்சில் கடைசியாக நிஜமாகவே நீந்துவது அந்தப் பருக்கைகள்தான். நகரத்துக்கு வந்தால் நீச்சல் குளமும் நீச்சல் உடையும். அடுக்குமாடி விளம்பரத்தில் குளம் நீலமாக இருக்கும். குடிவந்த பிறகு மார்பளவுத் தண்ணீரில் நின்று வாகன நிறுத்தத் தகராறு பேசுவதற்கு அது வசதி. நீச்சல் உடை நெடுங்காலமாக சினிமாச் செய்திகளில் மட்டுமே வாழ்ந்துவருகிறது. அதை உடுத்தியவர் நீந்தினாரா என்று எந்த நிருபரும் கேட்டுப் போட்டதில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. அகராதியில் நீத்தம் என்றால் வெள்ளம். நீத்தார் என்றால் எல்லாவற்றையும் விட்டவர். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். வெள்ளம் வந்தால் எல்லாவற்றையும் விட்டுத்தான் போகவேண்டும் என்பது தெரிந்த மொழியில், நீந்துவதும் விடுவதும் கடப்பதும் ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. துறவியும் காதலியும் கடன்காரனும் ஆளுக்கொரு பக்கம் அந்தச் சொல்லைப் பிடித்து இழுத்ததில், குளத்தில் கிடந்தவனுக்கு மிஞ்சியது அடி.

தண்ணீருக்கு மிச்சமிருந்த இன்னொரு நல்ல சொல் நிலை. கால் தரைக்கு எட்டினால் நிலை, எட்டாவிட்டால் நீச்சு. அதையும் விட்டுவைக்கவில்லை, மகளுக்கு வரன் அமைந்தாலும் அமையாவிட்டாலும் ‘நிலைகொள்ளவில்லை’ என்று எடுத்துக்கொண்டோம். ஆனாலும் பழக்கமில்லாத ஆற்றில் இறங்குகிறவன் இன்றும், முழங்கால்வரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கரையில் மாடு குளிப்பாட்டுகிறவரைப் பார்த்துக் கத்துவான்: ‘அண்ணே, நெலைக்குமா?’ அவர் பதில் சொல்லமாட்டார். மாட்டைத் தேய்ப்பதை நிறுத்தி, வைக்கோல் பிடித்த கையைத் தூக்கித் தன் உடம்பில் ஓர் இடத்தில் வைத்துக் காட்டுவார். இடுப்பு, மார்பு, கழுத்து. கை தலைக்குமேல் போனால் கேட்டவன் வேட்டியை இறக்கிவிட்டுப் பாலத்தைத் தேடி நடப்பான்.